இயற்பியல் துறை வாசலில் ஒரு பசு

"மேடம், சிரிக்காதீங்க. படம் கலங்குது" என்று காதருகே ஒரு குரல் வந்தது.

சென்ற மாதம் புத்தூரில் ஒரு மருத்துவமனையில், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டிய நேரத்தில் நான் குலுங்கிக்கொண்டிருந்தேன். கழுத்து வலிக்காகப் படம் எடுக்கப் போயிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, பின்வரிசையில் யார் பேசுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்த கழுத்து அது. வலிக்காமல் என்ன செய்யும்?

சிரிப்பு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் நுழைந்ததுமே ஒரு சத்தம் கேட்டது. ட்சிக்... ட்சிக்... ட்சிக் என்று, ஓயாமல் சகுனம் சொல்லும் பல்லியைப் போல. இயந்திரத்தை இயக்கும் இளைஞர் நான் உற்றுக் கேட்பதைப் பார்த்துவிட்டு, "அது ஏ.சி. சத்தம்தான் மேடம், பயப்படாதீங்க" என்றார்.

ஏ.சி. இல்லை. அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் ஒரு பெரிய கம்பிச் சுருள், திரவ ஹீலியத்தில் முங்கிக் கிடக்கிறது. அப்படியொரு குளிரில் அந்தக் கம்பி, மின்சாரத்தைத் தடுக்கும் குணத்தையே விட்டுவிடும். ஒருமுறை ஓட விட்ட மின்சாரம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மீக்கடத்தி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த ஹீலியம் ஆவியாகிப் போய்விடாமல் காக்கும் கருவியின் சத்தம்தான் அந்தப் பல்லிச் சத்தம்.

"உள்ளே ஹீலியம் எவ்வளவு இருக்கு தம்பி? இன்னிக்கு மீட்டர் பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்து நின்றார். "மேடம், கம்பெனியிலேருந்து வந்திருக்கீங்களா?"

கழுத்து வலிக்காரிதான் என்று அவரை நம்ப வைத்து, உள்ளே போய்ப் படுத்து, கண்ணை மூடினேன். குளிர், குளிர்விக்கும் பாத்திரம், மூடியைத் திறந்தால் வழியும் வெள்ளைப் புகை என்று எண்ணம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. கடைசியில் கண்ணுக்குள் வந்து நின்றது ஒரு பசுவின் முகம். அதோடு படம் கலங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள்.

அந்தப் பசுவைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்த காலம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வருவேன். அப்போது உலகத்து இயற்பியல்காரர்களுக்கெல்லாம் ஒரு கறுப்பு வில்லைப் பைத்தியம் பிடித்திருந்தது. அதுவரை மீக்கடத்தி என்றால் ஹீலியம் வேண்டும். ஹீலியம் எங்களைப் போன்ற கல்லூரிகளுக்குக் கனவில்கூட எட்டாத பொருள். திடீரென்று, இட்ரியம், பேரியம், தாமிரம் மூன்றின் பொடிகளையும் அரைத்துச் சுட்டால் வரும் ஒரு கறுப்பு வில்லை, திரவ நைட்ரஜனின் குளிரிலேயே மீக்கடத்தியாகிவிடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நைட்ரஜனின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. உங்களுக்கும் எனக்கும் இது பயங்கரக் குளிர். ஹீலியத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சித்திரை வெயில். ஒரு கல்வம், ஒரு உலை, ஒரு குடுவை நைட்ரஜன் இருந்தால் போதும் என்றானதும், எங்கள் பேராசிரியர் ஞானப்பிரகாசம் சார், "நாமளும் செய்வோம்மா" என்றார். அவர் ஓய்வு பெற ஒன்றேகால் வருஷம் இருந்தது. அதுவரை வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் அளந்த அளவுகளையே பாடம் நடத்தியவர்.

அரைக்கிற வேலை எனக்கு. வீட்டில் இட்லிக்கு மாவு அரைக்கச் சொன்னால் கையில் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறவள், அங்கே நாளுக்கு நாலு மணி நேரம் கல்வத்தில் பொடி அரைத்தேன். அம்மா கேள்விப்பட்டு, "அங்கே போய் அரைக்கறதுக்கு எதுக்குடி எம்.எஸ்ஸி.?" என்றாள். அரைத்ததை வில்லையாக அழுத்தி உலையில் சுடுவோம். சுடும்போது அறை முழுக்கச் சூடான செங்கல் வாசனை அடிக்கும். இப்போதும் செங்கல் சூளைப் பக்கம் பஸ் போனால் என் வலது தோள் தன்னாலே வலிக்கும். முதல் வில்லை பச்சையாக வந்தது. பச்சை வந்தால் தோல்வி. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எல்லாம் பச்சை. பாதிச் சூட்டில் கரண்ட் போய் ஐந்தாவது வெடித்தது. மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் உலையைத் திறந்தால், அட்டக்கரியாக, நாலணாக் காசு அளவில் ஒரு வில்லை. சார் அதைக் கையில் வாங்கவே பயந்து, வெள்ளைத் தாளில் ஏந்திக்கொண்டார். ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் இறுக மூடிய கண்ணாடிச் சாடியில் வைத்தோம்.

சாருக்குச் சென்னையில் ஒரு வேலை வந்தது. அங்கே நடக்கப்போகும் கருத்தரங்கில் எங்கள் முடிவையும் சேர்க்கச் சொல்லிப் பேச வேண்டும். "நைட்ரஜன் செவ்வாய்க்கிழமை வந்துடும். நீ வில்லையைக் குளிர வெச்சுப் பார். வெள்ளிக்கிழமை நான் வரும்போது ரிசல்ட் தயாரா இருக்கணும். சனிக்கிழமை தபால்ல போட்டாத்தான் அவங்க எடுத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

எங்களுக்கு நைட்ரஜன் வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. திருச்சியில் அப்போது அதை வாங்குகிறவர்கள் கால்நடைத் துறைக்காரர்கள்தான். பசுக்களுக்குப் போடும் சினை ஊசிக்கான காளை விந்தைச் சின்னச் சின்னக் குச்சிகளில் அடைத்து, நைட்ரஜனில் உறைய வைத்திருப்பார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை லாரி வந்து அவர்களுடைய கிடங்கில் ஊற்றிவிட்டுப் போகும். மிச்சத்தில் எங்களுடைய பத்து லிட்டர் கேனையும் நிரப்பித் தருவார் செல்வராஜ். அவர் அங்கே கால்நடை ஆய்வாளர். தொட்டியத்துக்காரர், ஆறடி உயரம், புல்லட் மாதிரிக் குரல். மாடு வைத்திருப்பவர்கள் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கேன் நிரம்பி வந்தது. மதியம் வில்லையில் மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். செல்வராஜ் படியில் தடதடவென்று ஏறி வந்தார்.

"மேடம், ஒரு உதவி. எங்க பெரிய கேன் வேர்க்குது."

இந்தக் கேன்களுக்கு இரட்டைச் சுவர். நடுவே காற்றே இருக்கக் கூடாது. அதில் ஓட்டை விழுந்துவிட்டால் வெளிச்சுவர் வேர்க்கும்; உள்ளே இருப்பது மளமளவென்று ஆவியாகும்.

"காலையில ஊத்தினப்பவே லேசா வேர்த்துச்சு. இப்பக் கழுத்துல பனி பூத்துடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள காலியாயிடும்."

"லாரியைத் திரும்பக் கூப்பிட முடியாதா?"

"அது மதுரைப் பக்கம் போயிடுச்சு. தந்தி கொடுத்திருக்கேன். எப்ப வரும்னு தெரியாது. உள்ள நானூறு குச்சி இருக்கு மேடம். ஒரு தடவை சூடு பட்டா அவ்வளவுதான், மறுபடி உறைய வெச்சாலும் உசிரு வராது. முசிறி, தொட்டியம் வரைக்கும் இதுலேருந்துதான் போகணும்."

"எங்க சார் ஊர்ல இல்லையே."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

சார் சென்னையில் எங்கே தங்கியிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மேஜை மேல் கண்ணாடிச் சாடியில் அந்தக் கறுப்பு வில்லை இருந்தது. குச்சிகளின் அடியாவது நைட்ரஜனில் முங்கியே இருக்க வேண்டும், எங்கள் கேன் பழசு, அதுவும் மெதுவாகக் குறைந்துகொண்டுதான் போகும். இதில் நாங்கள் சோதனைக்கு எடுத்தால் குச்சிகளுக்குப் போதாது. அவர்களுக்குக் கொடுத்தால் எங்களுக்கு இல்லை. அழுகை வந்தது. அழுதால் இந்த ஆள் திரும்பிப் போய்விடுவாரோ என்றும் இருந்தது. போனால் தேவலை என்றும் இருந்தது.

என் வாயிலிருந்து வந்தது வேறு. "எங்க கேன் வாய் சின்னது. உங்க குச்சி டப்பா உள்ளே போகுமா?"

கேட்ட பிறகுதான், கொடுக்க முடிவு செய்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. செல்வராஜ் தன் பெரிய கையைக் குவித்துக் கும்பிட்டுவிட்டு ஓடினார்.

அரைமணி நேரத்தில் பெரிய கேனை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒவ்வொரு டப்பாவாக அதிலிருந்து எங்கள் கேனுக்கு மாற்றினார் செல்வராஜ். புகை முழங்கால் வரை எழுந்தது. எல்லாம் முடிந்ததும் ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். நைட்ரஜன் நின்ற உயரம் வரை குச்சியில் வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. விரலை வைத்து அளந்தார். பன்னிரண்டு விரல்.

"ஒரு டம்ளர்கூட எடுத்துடாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய கேனின் அடியில் மிச்சமிருந்த கொஞ்சமும், நான் கம்பிகளை ஒட்டி முடிப்பதற்குள் ஆவியாகிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் விஷயம் வெளியே வந்துவிட்டது. எனக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஏண்டி, கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு, காளைமாட்டு சமாசாரத்தையா பத்திரமா வெச்சிண்டிருக்கே? நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?"

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மோரை ஒரு வாய் குடித்துவிட்டு, "விடியக்காலம்பற நடை திறந்ததும் ரங்கநாதனே பசு மொகத்துலதான் முழிக்கிறான். நீ என்ன புதுசா கண்டுட்டே?" என்றார். ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் எதிர்வாதம் ஏது? அம்மா எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். கோபத்தில் கொஞ்சம் கூடவே ஊற்றினாள்.

வியாழக்கிழமை நான் தவறு செய்யப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். வில்லை மேல் ஒரு காந்தத்தை வைத்துக் குளிர வைத்தால், மீக்கடத்தியாக இருந்தால் காந்தம் அந்தரத்தில் நிற்கும். அதைப் பார்க்க ஒரு டம்ளர் போதும். அறையில் யாரும் இல்லை. கேனின் மூடியைத் திறந்து, நீளக் கைப்பிடி போட்ட கிண்ணத்தை உள்ளே இறக்கப் போனேன். புகை மேலே வந்து கன்னத்தில் பட்டது. செல்வராஜ் கும்பிட்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. மூடியை வைத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவினேன். கழுவ அதில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை காலை வாட்ச்மேன் காதர் பாய் மேலே வந்தார். அவர் எதற்கும் பதறாதவர்.

"மேடம், உங்களைப் பார்க்க மாடு வந்திருக்கு."

"யாரு வந்திருக்கா?"

"மாடும்மா. கூட ஒரு அம்மாவும் வந்திருக்காங்க."

இறங்கிப் போனேன். எங்கள் துறையின் வாசலில், பெயர்ப்பலகைக்கு நேர் கீழே, ஒரு செவலைப் பசு நின்று கத்திக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த அம்மாவின் பெயர் மருதாயி. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் இரண்டு மாடு வைத்துப் புத்தூருக்குப் பால் ஊற்றுகிறவர். கிடங்குக்குப் போயிருக்கிறார், செல்வராஜ் இல்லை, இருந்தவர்கள் இங்கே அனுப்பிவிட்டார்கள்.

"டீச்சரம்மா, காளை ஊசி இங்கதான் இருக்காமே?"

"அம்மா, இது பிசிக்ஸ் டிபார்ட்மெண்டும்மா."

"பேரு எதுவா வேணா இருக்கட்டும். ஊசி இருக்கா இல்லையா? பருவத்துக்கு வந்து ராத்திரியெல்லாம் கத்துது. இன்னிக்கு விட்டா இன்னும் மூணு வாரம் ஆயிடும். போன தடவையே சினை நிக்கலை. வத்தின மாட்ட வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

ஊசி இருக்கிறது, போடத்தான் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். மருதாயி என்னை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை பெரிய கட்டடத்தில் இவ்வளவு படித்துவிட்டு இதுகூடத் தெரியாதா என்ற பார்வை. வெட்கமாகத்தான் இருந்தது. காதர் பாய் சைக்கிளில் போய் எங்கிருந்தோ செல்வராஜைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

வேப்ப மரத்தடியில் பசுவைக் கட்டினார்கள். செல்வராஜ் மேலே போய் ஒரு குச்சி எடுத்து வந்தார். வெதுவெதுப்பான தண்ணீருக்கு எங்கள் ஆய்வகத்து பீக்கர்தான். அவர் தோள் வரை உறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கியபோது, மூன்று மாடி வராந்தாவிலும் மாணவர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பீக்கரோடு பக்கத்தில் நின்றேன்.

சரியாக அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கையில் பெட்டியோடு ஞானப்பிரகாசம் சார் இறங்கினார்.

பசுவைப் பார்த்தார். செல்வராஜின் கை இருந்த இடத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த பீக்கரைப் பார்த்தார்.

"ரிசல்ட் என்னம்மா ஆச்சு?"

"குளிர வைக்கலை சார்."

"ஏன்?"

நடந்ததைச் சொன்னேன். சார் பெட்டியோடு படியேறிப் போனார். நான் பின்னாலேயே போனேன். பெட்டியைக் கீழே வைத்தார். மரக்குச்சியை எடுத்து அவரே கேனுக்குள் விட்டார். வெளியே எடுத்து விரல் வைத்து எண்ணினார்.

"ஏழு விரல்தான் இருக்கு. மூடி பக்கத்துல புகை கசியுது பார். தெர்மோகோல் இன்னொண்ணு வெட்டி வை" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. ஆனால் அன்று மதியம் சாப்பாட்டுப் பையைப் பிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கருத்தரங்குக்காரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்களிடம் இப்போது சொல்வதற்கு முடிவு எதுவும் இல்லை என்று இரண்டே வரி. தபாலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். தபால் பெட்டிக்குள் போடும்போது கை அதை லேசில் விடவில்லை.

செல்வராஜ் தினமும் மாலை மன்னார்புரம் சந்திப்பில் போய் நின்றார், லாரி வந்தால் நேரே எங்களிடம் திருப்பிவிட. ஒன்பதாம் நாள் கேனில் இரண்டு விரல் இருந்தபோது லாரி வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் செல்வராஜ் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டே வந்தார். நானூறில் ஒன்றுகூடக் கெடவில்லை என்று பிறகு பார்த்துச் சொன்னார். முதல் குடுவை எங்களுக்குத்தான் ஊற்ற வேண்டும் என்று லாரிக்காரரிடம் சண்டை போட்டதும் அவர்தான்.

வில்லையைத் தட்டில் வைத்து நைட்ரஜனை ஊற்றினோம். கொதித்தது, சீறியது, அடங்கியது. சார் இடுக்கியால் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து அதன் மேல் கொண்டுபோனார். இடுக்கியிலிருந்து காந்தம் நழுவிவிட்டது. நழுவியது விழவில்லை. வில்லைக்கு மேலே, ஒரு நெல் உயரத்தில், லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

செல்வராஜ் குனிந்து, "சார், கீழ ஒண்ணுமே இல்லையே" என்றார். பஸ் டிக்கெட்டை எடுத்து இடையில் விட்டுப் பார்த்தார். டிக்கெட் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

"ஒண்ணுமே இல்லைய்யா! ஒண்ணுமே இல்லை!" என்று சார் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். உலகத்தில் நாங்கள் எத்தனையாவது என்று தெரியாது. அதற்குள் எத்தனையோ ஊர்களில் காந்தம் மிதந்திருக்கும். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் நாங்கள்தான் முதல். எங்கள் அளவுகள் பிற்பாடு ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தன. கட்டுரைக் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் செல்வராஜின் பெயரைச் சேர்த்தோம். காரணம் கேட்டு ஆசிரியர் குழு கடிதம் எழுதியது. சார் பதில் எழுதினார்; என்ன எழுதினார் என்று என்னிடம் காட்டவில்லை. பெயர் இருந்தது.

பத்து மாதம் கழித்து மருதாயி மறுபடி வந்தார். இந்த முறை மாடு இல்லை. தூக்குவாளி நிறையச் சீம்பால், வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சியது.

"கிடேரிக் கன்னு டீச்சரம்மா. பிசிக்குன்னு பேரு வெச்சிருக்கேன்" என்றார்.

ஓய்வு பெற இரண்டு வாரமே இருந்த சார், சுத்தமான பீக்கரில் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்கும் கொஞ்சம் கொண்டுபோனேன். அம்மா வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்காமலே சாப்பிட்டாள்.

இப்போது சார் இல்லை. செல்வராஜ் ஓய்வு பெற்றுத் தொட்டியத்துக்கே வாழை பார்க்கப் போனார். கொஞ்ச காலம் பொங்கலுக்குத் தார் அனுப்பிக்கொண்டிருந்தார், பிறகு அதுவும் நின்றது. கிடங்கு இருந்த இடத்தில் கார்கள் நிறுத்துகிறார்கள். மருதாயியின் தொழுவம் இருந்த பக்கம் போனால், எது அந்த இடம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. நைட்ரஜன் வேண்டுமென்றால் ஒரு போன் போதும், வேனில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். யாரும் யாரிடமும் படியேறிப் போய்க் கேட்க வேண்டியதில்லை. நல்லதுதான். நல்லதில்லை என்று நான் எப்படிச் சொல்வது?

எங்கள் ஆய்வகத்தைக் கணினி அறையாக மாற்றியது நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். சாமான்களை எல்லாம் எடுத்த பிறகு பழைய கேனில் ஒரு லிட்டர் போல நைட்ரஜன் மிச்சம் இருந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்து, காலியான சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாய்த்துக் கொட்டினேன். ஆயிரம் துளிகளாகச் சிதறி, சீறிக்கொண்டு, தரையின் தூசியை எல்லாம் வாரிக்கொண்டு சுவர் ஓரத்துக்கு ஓடின. கணுக்கால் உயரத்துக்குப் புகை நின்றது.

தண்ணீரைக் கொட்டிவிட்டேன் என்று நினைத்து, துப்புரவு வேலை பார்க்கும் ராணி வாளியும் துணியுமாக ஓடி வந்தாள். குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். சுவர் ஓரம் வரை போய்த் தடவினாள்.

"ஈரமே இல்லையேம்மா" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.